லடாக் குளிரில் லாரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர், ஜனவரியில் கார்கில், லே பக்கம் லோடு ஏற்றிப் போகிறவர்கள், காலையில் செல்ஃப் அடித்து வண்டி எடுக்கவில்லை என்றதும் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். பேட்டரியும் குளிரில் தளரும், சரி. ஆனால் பல நேரம் தவறு முந்தின நாளே, கீழே டீசல் அடித்த பங்கிலேயே நடந்திருக்கும்.

டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. குளிர ஆரம்பித்ததும் டீசல் வெள்ளையாகக் கலங்கும், அப்புறம் அந்த மெழுகு துகள் துகளாகச் சேர்ந்து ஃபில்டரை அடைத்துவிடும். டேங்கைத் திறந்து பார்த்தால் டீசல் கட்டியாகாமல் இன்னும் தண்ணீர் மாதிரிதான் ஓடும், இன்ஜினுக்கு மட்டும் போகாது. கார்கில் பக்கத்து திராஸில் ராத்திரி மைனஸ் 20க்கும் கீழே இறங்கும். சமவெளி டீசல் அதைத் தாங்காது. அதற்காகத்தான் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்கில் கொண்டுவந்தது. ஜம்முவில் நிரப்பிய ஃபுல் டேங்கோடு மேலே போய் ராத்திரி நிறுத்தாதீர்கள். அதற்காக டேங்கை வற்ற விட்டும் ஏறாதீர்கள், வழியிலுள்ள சோஜி லா கணவாயில் பனி விழுந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். மேலே போய் குளிர்கால டீசல் அடித்ததும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், அப்போதுதான் அது ஃபில்டர் வரை போய்ச் சேரும். உறையாமல் இருக்க ஊற்றும் மருந்தையும் முன்கூட்டியே கலக்க வேண்டும், மெழுகு கட்டிய பிறகு ஊற்றிப் பயனில்லை.

டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே பிளாஸ்டிக் பைப்பும் ஒயரும் ஓடுகின்றன, ஒரு கசிவு இருந்தால் வண்டியோடு ஆளும் போய்விடுவான். வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரில் சுற்றுங்கள், உதிரி ஃபில்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கம் பிஎஸ்6 வண்டிக்கு, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிக்கு, ஆகவே ஆகாது. அதன் பம்புக்கு மசகு கொடுப்பதே டீசல்தான், மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு, பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துவிடும்.

புகையைச் சுத்தப்படுத்த தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல் மைனஸ் 11லேயே உறையும். பயந்துபோய் அதில் வெந்நீர் ஊற்றாதீர்கள், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் வண்டியே அதைச் சூடாக்கி உருக்கிக்கொள்ளும். உறையும்போது விரியும் என்பதால் விளிம்பு வரை நிரப்பவும் வேண்டாம்.

ராத்திரி முழுக்க நின்ற இடத்திலேயே இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டால் சரியாக எரியாத டீசல் கரியாகவும் படியும், ஆயிலிலும் கலக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, கேபினை இறுக மூடிக்கொண்டு உள்ளே கரி அடுப்பு வைத்துத் தூங்குவது. அந்தப் புகையில் வாடையே தெரியாத விஷம் இருக்கிறது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நல்ல கம்பளியும் தடிமனான ஸ்லீப்பிங் பேகும் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.