மிளாவை மூக்கால் விரட்டுவது

இடுக்கி மலையில் இருக்கிற காந்தல்லூரில் என் பீன்ஸ் தோட்டம் காட்டை ஒட்டியே இருக்கிறது. மேய வரும் மிளாவை, அதாவது கடமானை, வேட்டையாடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். நாற்றத்தை வைத்து விரட்டலாம்.

ஐந்து முட்டையை உடைத்து ஐந்து லிட்டர் தண்ணீரில் கலக்கி, மூடி போட்ட வாளியில் ஒரு வாரம் வையுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். என் மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். ஒரு துணுக்குத் தோல் போனாலும் ஸ்பிரேயர் மூக்கு அடைத்துக்கொள்ளும். அதை வாயால் ஊத நினைக்காதீர்கள், பட்டவன் சொல்கிறேன்.

பறிக்கிற காயில் படக் கூடாது. வேலிக் கம்பங்களில் நெஞ்சு உயரத்தில் சாக்குத் துண்டுகளைக் கட்டி, அவற்றில் மட்டும் அடியுங்கள். மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டும்.

சோளக்கொல்லை பொம்மையா? சீக்கிரமே பழகிவிடும். ஒரு விடியலில் என் பொம்மையின் காலடியிலேயே புழுக்கை கிடந்தது! வைத்தே தீருவேன் என்றால், மூன்று நாளைக்கு ஒரு தரம் இடம் மாற்றி, வியர்வை ஊறிய துவைக்காத சட்டையை மாட்டுங்கள்.

இன்னொன்று. மலையில் இரவுக் காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். காடு தோட்டத்துக்கு மேலே இருந்தால், கீழ் வேலியில் கட்டிய நாற்றம் மிளாவை எட்டாது. அதனால் மேல் வேலியில் சாக்கை இரண்டடிக்கு ஒன்றாக நெருக்கிக் கட்டுங்கள்.