பல் நறநறப்பால் வரும் தாடை வலிக்கு மின்தூண்டலும் பயிற்சியும்

உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கு விடியற்காலையில் கன்னமும் நெற்றிப்பொட்டும் வலிப்பது பெரும்பாலும் மெல்லும் தசைகளின் களைப்பினாலாகும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பல் வைத்தியரிடம் காட்டியபின், தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே மெல்லிய மின்னோட்டம் செலுத்தி வலியைத் தணிக்கும் டென்ஸ் (TENS) கருவியை இயன்மருத்துவரிடம் நேரிற் பழகிக்கொள்ள வேண்டும். இதயமுடுக்கி உள்ளவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் வலிப்பு நோயாளரும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

முகத்தைக் கழுவி ஈரமின்றித் துடைத்து (வன்னிப் புழுதியும் வியர்வையும் படிந்த தோலில் ஒட்டுப்பட்டை நிற்காது), பல்லைக் கடிக்கையில் காதுக்கு முன்னே விரலில் தட்டுப்படும் தசைத்திரட்சியின் மீது பட்டைகளை ஒட்டி, 80 முதல் 100 ஹேர்ட்ஸில் (நொடிக்கு இத்தனை மின்துடிப்பு), மெல்லிய கூச்சம் மட்டும் தெரியுமளவுக்கு, 20 நிமிடம் வைக்க வேண்டும். தாடை துடித்தால் மின்னோட்டத்தின் அளவு கூடிவிட்டது. கழுத்தின் முன்புறத்திலும் கண்ணருகிலும் ஒட்டவே கூடாது.

மின்தூண்டல் வலியைத் தணிக்குமேயன்றிக் கடிப்பை நிறுத்தாது; ஆகவே பயிற்சியையே நான் பெரிதாக மதிக்கிறேன். நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னுள்ள அண்ணத்தில் பதித்து, அது விலகாத அளவுக்கு வாயை மெதுவாகத் திறந்து மூடுவதை 6 தடவை, நாளுக்கு 6 வேளை செய்யலாம். மற்ற நேரங்களில் உதடுகள் சேர்ந்தும் பற்கள் விலகியும் இருக்கட்டும். வலி தணியும்வரை மெல்லக் கடினமான ஒடியலையும் (உலர்த்திய பனங்கிழங்கு) பாக்கையும் ஒதுக்கி வைக்க வேண்டும்.