சிங்கப்பூரில் சாப்பிடப் போகும் கொங்கு மக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் ஏறினால் நேராகச் சிங்கப்பூரில் இறங்கலாம் என்பதால், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து நிறையப் பேர் குடும்பத்தோடு போய் வருகிறார்கள். ஊரெல்லாம் சுற்றிவிட்டு, மூன்று வேளையும் இட்லி, தோசை தேடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரு காலத்தில் தெருவில் கூவி விற்ற சாப்பாடுதான் இன்று அங்குள்ள உணவங்காடி நிலையங்களில் (ஹாக்கர் சென்டர்) கிடைக்கிறது. 2020-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் இந்த உணவங்காடிப் பண்பாட்டைத்தான்.

இன்னொரு கூட்டம் நேர்மாறு. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா பக்கம் போனால் "நம்ம சாப்பாடுதானே" என்று தாண்டிப் போய்விடுவார்கள். இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். அங்கே கிடைக்கும் மீ கோரெங் கோவையில் எங்கே கிடைக்கும்? நூடுல்ஸ் சீனர்களுடையது, பெயர் மலாய், மிளகாய் விழுதும் தக்காளியும் போட்டுச் சிவக்கப் புரட்டுவது தமிழ் முஸ்லிம்களின் கை. மீன் தலைக் கறியும் அப்படித்தான். குழம்பு தென்னிந்தியக் குழம்பு, தலையை ருசித்துச் சாப்பிடும் பழக்கம் சீனர்களுடையது. இந்தியன் ரோஜாக் கடையில் வடை வகைகளை நாமே பொறுக்கிக் கொடுத்தால், இனிப்பும் காரமுமான சிவப்புச் சாறோடு நறுக்கித் தருவார்கள். அந்த ஊரில் யார் யாரோடு கலந்து வாழ்ந்தார்கள் என்பது இந்தத் தட்டுகளிலேயே தெரியும்.

அடுத்தது சைவக்காரர்களுக்கு. புரட்டாசியில் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். கண்ணுக்குக் கறி தெரியவில்லை என்றால் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். காங்கோங் கீரை வதக்கலில் பெரும்பாலும் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும். நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பால் மிளகாய் விழுதில் நெத்திலி சேரும். சிக்கன் ரைஸ் கடையில் "சோறு மட்டும் போதும்" என்றாலும் பயனில்லை, அந்தச் சோறே கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் வேகிறது. சார் குவே தியாவ் எனும் தட்டை அரிசி நூடுல்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது பழைய முறை. ரெண்டாங் எனும் மலாய் மசாலாக் கறி பல இடங்களில் மாட்டிறைச்சி. கேட்டால் கடைக்காரர்கள் மறைக்காமல் சொல்வார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். சீன பௌத்த சைவக் கடைகளும் உண்டு. அங்கே கறி மாதிரியே தெரிவது சோயா, கோதுமைப் புரதம் போன்றவற்றில் செய்ததுதான், பயப்பட வேண்டாம்.

முதல் கடையிலேயே ஆளுக்கொரு தட்டு வாங்கி வயிற்றை நிரப்பாதீர்கள். நான்கு பேருக்கு இரண்டு தட்டு வாங்கிப் பகிர்ந்தால் நான்கைந்து கடை பார்க்கலாம். காலியான மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அது ஆள் பிடித்த இடம், உட்காரக் கூடாது. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள்.

அப்புறம் காபி. வெறுமனே "கோப்பி" என்றால் கண்டென்ஸ்டு மில்க்கோடு தித்திப்பாக வரும். பால் வேண்டாமென்றால் "கோப்பி ஓ", சர்க்கரையும் வேண்டாமென்றால் "கோப்பி ஓ கோசோங்" என்று கேளுங்கள்.