மலிவு விலைத் தகட்டு மெஷின்: வாங்கும்போது விடுகிற பிழைகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வீட்டோடு சின்னப் பட்டறை போடுகிற தம்பிமார் கூடிவிட்டார்கள். கூரைத் தண்ணி ஓடும் பீலி, முகட்டுத் தகடு, விறகடுப்புக்குப் புகைக்குழாய், பேக்கரித் தட்டு, கோயில் உண்டியல் என்று வேலைக்கும் குறைவில்லை. ஆனால் மெஷின் வாங்கும்போது மட்டும், எங்கள் வயதுக்காரர்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளையே வரிசையாக விடுகிறார்கள். கையுறை போடு, பிளேட்டுக்குள் விரலை விடாதே என்பதையெல்லாம் வேறு யாரும் சொல்வார்கள்.

லேபிளில் இருக்கும் தடிப்பை நம்புவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

வெட்ட, மடிக்க, உருட்ட மூன்றுக்கும் ஒரே சட்டகத்தில் வரும் ‘த்ரீ இன் வன்’ மெஷினைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். 30 அங்குல அகலம், 1 மி.மீ. தடிப்பு என்று முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும். கடைக்காரர் நாலு விரல் அகலத் துண்டொன்றைச் செருகி, கைப்பிடியை அமுக்கி, அழகாக ஒரு மூலை மடித்துக் காட்டுவார். அதோடு காசு கை மாறிவிடும்.

அந்த 1 மி.மீ. மைல்ட் ஸ்டீலுக்கான கணக்கு. அதுவும் மெஷினால் முடிந்த எல்லை, அன்றாட வேலைக்கான அளவு இல்லை. மடிக்கத் தேவையான விசை தகட்டின் நீளத்தோடு நேராகக் கூடும். தடிப்போடு வர்க்கமாகக் கூடும். தடிப்பு இரட்டித்தால் விசை நாலு மடங்கு. ஸ்டெயின்லெஸ் என்றால் அதே தடிப்புக்கே ஒன்றரை மடங்கு வேண்டும். மலிவு மெஷினில் விலையைக் குறைப்பது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பெயின்றிலா? மடிக்கும் பாரின் இரும்பில்தான். இரண்டு முனையிலும் பிடிமானம் இருக்கும், நடுவில் எதுவும் இருக்காது. பாரம் ஏறினால் துணி காயப்போட்ட கொடிக்கயிறு மாதிரி நடு தொய்யும்.

தெரிந்த தம்பி ஒருவர் இப்படி ஒன்றை வாங்கிய கையோடு, தேத்தண்ணிக் கடை மேசைக்கு 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஓடர் எடுத்தார். போன் வந்தது: “அண்ணே, ஓரம் ரெண்டும் சரியா நிக்குது, நடுவுலதான் வாய் திறந்துகிட்டு இருக்கு.” முனைகளில் 90 பாகை, நடுவில் நூறுக்கும் மேலே. நிறுத்து என்று சொல்லி, நான் போய்ச் சேருவதற்குள் கைப்பிடியில் தண்ணிக் குழாயைச் செருகி ரெண்டு பேர் தொங்கியிருக்கிறார்கள். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது, நேரே வெடிக்கும். பக்கச் சட்டகத்தில் போல்ட் துளையிலிருந்து கீழே மயிர்க்கோடாக ஒரு கீறல். விற்ற கடையில் கேட்டதற்கு, “முழு அகலத்துக்கு அவ்வளவு தடிப்புப் போடக்கூடாது” என்றார்களாம். அதை விற்கும்போது சொன்னால் வாய் வலிக்குமா?

முழு அகலத்தில் நாள் முழுக்க மடிக்கிற வேலையென்றால், 1 மி.மீ. போட்ட மெஷினுக்கு ஜீ.ஐ. (நாகம் பூசிய) தகட்டில் 0.7 மி.மீ., ஸ்டெயின்லெஸில் 0.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.7இல் விசை பாதியாக இறங்கிவிடும். கடைக்குப் போகும்போது நீங்கள் மடிக்கப்போகிற தகட்டையே மெஷின் அகலத்துக்கு வெட்டிக் கொண்டுபோங்கள். மடித்து, மூலைமட்டத்தை இரண்டு முனையிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். மட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

கூரைத் தகட்டில் வேறொரு கதை. 0.47 மி.மீ. மெல்லிசுதானே என்று தோன்றும். ஆனால் அதில் பெரும்பாலும் வருவது ஜி550 என்கிற உயர்பலம் கொண்ட உருக்கு. சாதாரண மைல்ட் ஸ்டீலைப் போல இரண்டு மடங்கு விறைப்பாக வளைய மறுக்கும். மெஷின் தாங்கும், ஆனால் மடித்து விட்டதும் தகடு பின்வாங்கும். ஓரத்தைத் தட்டையாக அழுத்தி மடித்தால் மடிப்பு வெடிக்கவும் செய்யும்.

பீலி வேலைக்கு 30 அங்குல மெஷின்

8 அடிப் பீலிக்கு நாலு துண்டு, மூன்று பொருத்து. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மி.மீ. வரை மழை பெய்கிற ஊரில் ஒவ்வொரு பொருத்தும் ஒரு ஒழுக்கு. பீலிதான் முதல் வேலை என்றால் த்ரீ இன் வன் வேண்டவே வேண்டாம். வெல்டிங் கடையில் 50 × 50 × 6 மி.மீ. ஆங்கிள் அயனில், வலுவான கீல் வைத்து, 8 அடியில் ஒரு மடிப்புச் சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். நடுவில் முட்டுக்கொடுக்கச் சொல்ல மறக்க வேண்டாம். பார்க்க அழகாக இருக்காது. கூரைத் தகட்டுக்குப் போதும்.

பெட்டி செய்ய நினைப்பது

மடிக்கும் பார் தனித்தனி விரல்களாகக் கழன்று வர வேண்டும். நாலாவது பக்கத்தை மடிக்கும்போது, ஏற்கனவே மடித்த பக்கங்கள் பாரில் முட்டும்; அப்போதுதான் ஏன் என்று தெரியும்.

கேஜ் எண்

தகட்டின் தடிப்பைக் கேஜ் எண்ணில் சொன்னால் நம்பாமல், தடிப்பு அளக்கும் வேர்னியர் கொண்டுபோங்கள். 24 கேஜ் என்பது பிரிட்டிஷ் கணக்கில் 0.56 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 0.61.

வீடு வரை எப்படிப் போகும்?

30 அங்குல மெஷின் நூறு கிலோவைத் தாண்டும். ஓட்டோ ரோட்டோடு நின்றுவிடும்; அதற்குக் கீழே லயத்துப் படி. ரோலரையும் கைப்பிடிகளையும் கழற்றித் தனியாகக் கொண்டுபோகலாம், சட்டகத்துக்கு நாலு பேர் வேண்டும். கூலியையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். இறக்கிய பிறகு மரமேசையில் ஏற்றாதீர்கள்; இரும்புக் கால் அடித்து, கொங்கிரீட் தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். இல்லாவிட்டால் கைப்பிடியை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் மெஷின் உங்களை நோக்கி நடந்துவரும்.

ஈரம்

வேலை முடிந்ததும் பிளேட்டுக்கும் ரோலருக்கும் எண்ணெய். தினமும். ரோலரில் துருக்குழி விழுந்தால் உருட்டுகிற தகட்டிலெல்லாம் அது பதியும்.

பாவித்த மெஷின்

தாராளமாக வாங்கலாம். வார்ப்பில் வெல்டிங் தையல் தெரிந்தால் மட்டும் விலையைக்கூட விசாரிக்காதீர்கள். பிளேட்டைப் பார்க்க ஒரு பத்திரிகைத் தாள் போதும்: இரண்டு முனையிலும் நடுவிலும் வெட்டிப் பாருங்கள். எங்காவது தாள் வெட்டுப்படாமல் மடங்கினால் பிளேட் மழுங்கியிருக்கும், அல்லது இடைவெளி கூடியிருக்கும். இடைவெளியை அங்கேயே திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள். சரிவந்தால் அது கழிவு கேட்க ஒரு காரணம். வராவிட்டால் புது பிளேட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.