புஷ்பராகமா, டோபாஸா? ஒரு மூடித் தண்ணீரில் பார்த்துவிடலாம்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவப் பக்கம் மழை விட்டால் போதும், யாராவது கைக்குள் பொத்திய கல்லோடு வந்து நிற்பார்கள். "பாருங்க தம்பி, புஷ்பராகம்தானே?" சிக்கல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. மஞ்சள் குருந்தமும் நமக்குப் புஷ்பராகம், டோபாஸும் புஷ்பராகம். விலையோ வேறு வேறு. (கொரண்டம் என்று உலகம் சொல்வது நம் குருந்தத்தைத்தான்.) நிறத்தை விடுங்கள், சாரடர்த்தியைப் பாருங்கள், அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு பாரம் என்பதை. குருந்தம் 4.00 அளவில் வரும், டோபாஸ் 3.53 அளவில்.

தராசு 0.001 கிராம் வரை காட்ட வேண்டும். 0.01 தராசை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ஒரு கிராம் குருந்தம் 0.25 கிராம் தண்ணீரைத்தான் விலக்கும், அதில் 0.01 பிசகினாலே 4.00 என்பது 3.85 ஆகிவிடும். பாத்திரத்துக்கு இருமல் பாணியோடு வரும் அளவு மூடி போதும். கல்லைக் கட்ட மெல்லிய நைலோன் நூல். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும், வேண்டாம்.

காய்ந்த கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். மூடியில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல்லின் எடையை அல்ல, விலகிய தண்ணீரின் எடையை. பள்ளியில் படித்த மேலுதைப்புதான், அதாவது தண்ணீர் கல்லை மேலே தள்ளும் விசை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் சரி.

நான் வழுக்கியது தொங்கவிடும் இடத்தில். என் கல் 1.842 கிராம். நூலைக் கையில் பிடித்தேன். எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒருவழியாக நின்றபோது 0.522. வகுத்தால் 3.53, அச்சு அசல் டோபாஸ்! கல்லைக் கொண்டுவந்த மாமாவிடம் அப்படியே சொல்லியும் விட்டேன். மனிதர் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், கல் மூடியின் சுவரில் இலேசாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்தால் கல்லின் பாரத்தில் ஒரு பங்கு தராசில் ஏறிவிடும். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, நடுவே இரும்பு அடிமட்டத்தைப் போட்டு, அதில் நூலைக் கட்டினேன். அடிமட்டமோ புத்தகமோ தராசைத் தொடக் கூடாது. கல் அடியையும் சுவரையும் தொடக் கூடாது. கதவையும் சாத்துங்கள், நம்ம ஊர் காற்றுக்கு இந்தத் தராசு தாங்காது. இந்த முறை 0.461. விடை 4.00. மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தேநீரும் வாங்கிக் கொடுத்தேன்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் 3.9க்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். குழிகளில் ஒட்டிய காற்றுக்குமிழியாக இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, தூரிகையால் கல்லைத் தடவிவிட்டுப் பாருங்கள்.

இன்னொருவர், "4.00 வந்தால் இயற்கைக் கல்தானே?" என்றார். இல்லை. தொழிற்சாலைக் குருந்தத்துக்கும் அதே எண்தான். இயற்கையா என்று பார்க்கப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வேண்டும்; அறுபது மடங்கு என்று விற்கும் விளையாட்டுச் சாமான் வேண்டாம். உள்ளே வளைந்த கோடுகள் தெரிந்தால் அது சுவாலையில் உருக்கி வளர்த்த கல். ஊசி ஊசியாகப் பட்டு நூல் போல ஓடினால் இயற்கைக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். மோதிரத்தில் பதித்த கல்லை மட்டும் தராசுக்குக் கொண்டுவராதீர்கள், தங்கத்தின் எடையும் சேர்ந்துவிடும்.