குழந்தைகளின் ஊர் வரைபடம்: டெல்டா நகரங்களில் தயாரிக்கும் முறை

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று பெரியவர்களைக் கேட்டால், பூங்கா, பள்ளி மைதானம் என்று இரண்டொரு இடங்களோடு பதில் முடிந்துவிடும். ஒன்பது வயதுச் சிறுமியிடம் கேட்டால், தேரடி, பூட்டிக் கிடக்கும் வீட்டின் திண்ணை, வாய்க்கால் மதகு, கோயில் மதிலோர நிழல், கோடையில் வறண்ட அரசலாற்று மணல் என்று பட்டியல் நீளும். தங்கள் வார்டில் குழந்தைகளுக்காக எதையேனும் கேட்டுப் பெற விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோரும் முதலில் இந்த இரண்டாவது பட்டியலை வரைபடமாக்கிக்கொள்ள வேண்டும்.

இது சோதித்துப் பார்க்கப்பட்ட வழிதான். 1970களில் யுனெஸ்கோ ஆதரவுடன், நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்சின் வழிகாட்டுதலில், ஆர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து ஆகிய நாடுகளின் வளரிளம் பருவத்தினரிடம் அவர்கள் வாழும் இடங்களைப் பற்றிக் கேட்டறிந்தார்கள். 1990களில் அம்முயற்சி மீண்டும் தொடங்கியபோது பெங்களூருவும் அதில் இடம்பெற்றது.

எட்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் போதும். பெற்றோரின் சம்மதத்தைப் பெற்றபின், அச்சிட்ட வரைபடம் எதையும் காட்டாமல், வெற்றுத்தாளில் வீட்டிலிருந்து தங்களுக்குப் பிடித்த இடத்துக்குப் போகும் வழியை வரையச் சொல்லுங்கள். நாய் கட்டியிருக்கும் வீடு வங்கிக் கட்டடத்தைவிடப் பெரிதாக வந்தால் திருத்த வேண்டாம், ஏனெனில் அந்த அளவு வேறுபாடே நாம் தேடும் செய்தி.

அடுத்தது நடை. குழந்தை முன்னே செல்ல, பெரியவர் ஓரடி பின்னே செல்ல வேண்டும். இங்கே என்ன செய்வாய், யாரோடு வருவாய், எப்போது வரமாட்டாய் என்ற மூன்று கேள்விகளே போதும். மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பெரும்பாலும் அதிகம் கற்பிக்கும். தெருமுனைகளில் குனிந்து, குழந்தையின் கண்மட்டத்திலிருந்து பாருங்கள்; வரிசையாக நிறுத்திய இருசக்கர வாகனங்களுக்குப் பின்னால் வரும் பேருந்து அந்த உயரத்துக்குத் தெரிவதே இல்லை. வரைதல், நடை இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் நடையையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

டெல்டாவில் ஒரே வரைபடம் போதாது. சித்திரையில் ஆற்றுமணல் கிரிக்கெட் ஆடுகளமாக இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். திறந்த நீர் கல்லணையில் பிரிந்து கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் ஓடத் தொடங்கியதும் அந்த ஆடுகளம் மறைந்துவிடும். மணல் அள்ளிய குழிகள் கோடையில் ஒளிந்து விளையாடும் இடங்கள். நீர் வந்தபின் அவை கண்ணுக்குத் தெரியாத ஆழங்கள். ஆனால், சென்ற மாதம் ஓடியாடிய தரை என்ற நினைவு குழந்தையின் மனத்தில் மாறாமல் இருப்பதால், அந்த இடத்தை அவர்கள் தயக்கமின்றி நம்புகிறார்கள். ஆடிப்பெருக்கன்று சப்பரம் இழுத்துக்கொண்டு பெற்றோருடன் போகும் படித்துறையை மறுநாள் தனியே தேடிப் போவதும் இயல்பே. ஆகவே சித்திரையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை என அதே குழந்தைகளோடு நடந்து, குழிகள் இருந்த இடங்களைக் கோடையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வயல்களையும் இப்படியே பார்க்க வேண்டும்: சம்பா அறுவடை முடிந்தாலும் அறுத்த தாள்களுக்கிடையே உளுந்து முளைத்திருக்கும், அது பிடுங்கப்பட்ட பிறகே வயல் குழந்தைகளுக்குக் கிடைக்கும்.

பெண் குழந்தைகளுடன் ஒரு பெண் தனியாக நடப்பது நல்லது. வயதுக்கு வந்தபின் அவர்கள் போகும் இடங்கள் எவ்வளவு சுருங்குகின்றன என்பதும், எந்தத் தெருவில் யார் கூடி நிற்பதால் சுற்றுவழியில் போகிறார்கள் என்பதும் ஆண்கள் முன்னிலையில் வெளிவருவதில்லை.

பெயர்களையும் முகம் தெரியும் படங்களையும் தவிர்க்க வேண்டும். தங்கள் மறைவிடம் என்று குழந்தைகள் சொன்னதை, உயிருக்கு ஆபத்தில்லாதவரை, வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.

ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் குழந்தைகளுக்குள்ள உரிமையை ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு கூறுகிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. வார்டு உறுப்பினரிடம் கொடுக்கும் மனுவில் இதைக் குறிப்பிட்டு, சிறிய, உடனே செய்யக்கூடிய கோரிக்கைகளையே முன்வையுங்கள்: மாலை ஐந்து முதல் ஏழு மணி வரை தேரடியில் வண்டிகளை நிறுத்தத் தடை, படித்துறையில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி, மதகருகே ஒரு விளக்கு. மனு எழுதுமுன் வரைபடத்தைக் குழந்தைகளிடம் காட்டித் தவறுகளைத் திருத்தச் சொல்லி, அவர்கள் கைப்படத் திருத்திய பிரதியையே மனுவுடன் இணைத்துக் கொடுங்கள்.