மாத்துன முட்டு பத்து வருசம் கழிஞ்சு வலிச்சா இத பாத்துக்கிடுங்க

எங்க அம்மைக்கு 2009ல திருவந்திரத்துல வச்சு வலது கால் முட்ட ஆபரேசன் பண்ணி செயற்கை முட்டா மாத்துனோம். பதிமூணு வருசம் ஒரு கொறையும் இல்ல, தக்கலையில பஸ் ஏறி நாரோயில் போயி சாமானும் தூக்கிட்டு ஒத்தைக்கு வருவா. பெறவு ஒரு நாள் கட்டில்ல இருந்து எந்திச்சு மொத நாலு அடி வைக்கும்போ மட்டும் வலிக்குன்னு சொன்னா, அஞ்சாவது அடியில சரியாயிரும். வயசு 74 ஆச்சில்லியா, இருக்கத்தான் செய்யும்னு நாங்களும் எட்டு மாசத்த சும்மா கடத்துனோம். வயசும் இல்ல ஒண்ணும் இல்ல, கீழ எலும்புல ஒட்டுன தட்டு இளகி இருந்திருக்கு.

உள்ள என்ன இருக்குன்னு மொதல்ல தெரிஞ்சுக்கிடுங்க. தொடை எலும்பு நுனியில பெரும்பாலும் கோபால்ட் குரோம் உலோக தொப்பி, கீழ கால் எலும்புல ஒரு உலோக தட்டு, நடுவுல பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் மெத்தை, எலும்போட ஒட்ட எலும்பு சிமென்ட். அந்த பிளாஸ்டிக்கு வருசக்கணக்குல தேஞ்சு கண்ணுக்கு தெரியாத தூளா உதிரும், ஒடம்பு அத வெளிப்பொருள்னு நெனச்சு அழிக்கப் பாக்கும், அந்த சண்டையில பக்கத்து எலும்பும் கரைஞ்சு போவும், தட்டு இளகும். எலும்பு கரையும்போ பல நேரம் வலியே இருக்காதுங்கதுதான் இதுல கெட்டது. அதனால வலி இல்லேன்னாலும் ஒண்ணு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எக்ஸ்ரே எடுத்திருங்க. உடனே பயந்துராதுங்க, 2019ல லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகையில வந்த ஆய்வுப்படி முழு முட்டு மாத்துனதுல நூத்துக்கு 82 வாக்குல 25 வருசம் தாங்குது.

எதையெல்லாம் கவனிக்கணும்னா, எந்திச்ச ஒடனே வலிச்சு கொஞ்சம் நடந்தா கொறையுதது, காலு ஊனும்போ வலிச்சு உக்காந்தா நிக்குதது, இது ரெண்டும் இளகுனதுக்கு அடையாளமா இருக்கலாம். அடிக்கடி நீர் வச்சு வீங்குனா பிளாஸ்டிக்கு தேயுதான்னு பாக்கணும். நேரா இருந்த காலு மறுபடி வளையுதது, படி எறங்கும்போ முட்டு நழுவுத மாதிரி இருக்கதும் அப்படித்தான். சும்மா 'டக் டக்'னு சத்தம் மட்டும் கேக்குன்னா அது உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுதது, பேடிக்க வேண்டாம். ஆனா ஒரு பெரிய சத்தத்தோட காலு மடங்கி பெறவு ஊனவே முடியலேன்னா, மெத்தை தள்ளியோ ஒடஞ்சோ போயிருக்கலாம், எலும்பே கூட முறிஞ்சிருக்கலாம், நடக்க வைக்காம 108ஐ கூப்பிடுங்க.

நம்ம ஊர்ல இன்னொண்ணு உண்டு, முட்டு வலின்னா ஒடனே நாட்டு வைத்தியம் பாக்குத ஆசான்கிட்ட போயி எண்ணெ தேச்சு உழிச்சல். ஆசான்மார் மேல எனக்கு மரியாத உண்டு, கை முறிஞ்சப்போ எனக்கு கெட்டுனது ஒரு ஆசான்தான், ஆனா உள்ள உலோகம் கெடக்குத முட்டுல, அதுவும் இளகுன முட்டுல, உழிச்சல் வேண்டவே வேண்டாம். வலிக்கு ஊசி போடுதேன்னு யாராவது அந்த முட்டுக்குள்ள குத்த வந்தாலும் விடாதுங்க, மாத்துன டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான்.

டாக்டர்கிட்ட போவும்போ பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் கொண்டு போங்க. ஒத்த படத்த வச்சு சொல்லுதது கஷ்டம், உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவுல கறுப்பு கோடு வருசத்துக்கு வருசம் அகலமாகுதான்னு ஒப்பிட்டுதான் பாப்பாவ. புது எக்ஸ்ரே நின்னுட்டு எடுக்கணும், படுத்து எடுத்தா பிரயோசனம் கொறவு, ஏன்னா பிளாஸ்டிக்கு எக்ஸ்ரேயில தெரியாது, பாரம் வச்சு நிக்கும்போ ரெண்டு உலோகத்துக்கும் உள்ள இடைவெளிய வச்சுத்தான் தேய்மானத்த கணக்காக்குதாவ. நாங்க மொதல்ல போன எடத்துல படுக்க வச்சே எடுத்தாவ, ரெண்டாவது தடவ எடுக்க வேண்டி வந்து காசு வீண்.

இளகுனது எதனாலன்னு முடிவு பண்ணுததுக்கு முன்னால கிருமி இல்லேன்னு உறுதி பண்ணணும், பல வருசம் கழிஞ்சும் கிருமி வரும். ராத்திரி சும்மா படுத்திருக்கும்போ வலி, சூடு, காய்ச்சல், தழும்புல நீர் கசிவு இருந்தா ஒரு நாளும் தள்ளாதுங்க. ஒடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுத ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்த சோதன பாப்பாவ, தேவன்னா முட்டு நீர எடுத்து சோதிப்பாவ. அதுக்கு முன்னாடி மெடிக்கல் ஷாப்புல ஆன்டிபயாட்டிக் வாங்கி திங்காதுங்க, கிருமி இருந்தாலும் சோதனையில தெரியாம போயிரும்.

அடுத்தது ஸ்டிக்கர். இம்பிளான்ட், அதாவது உள்ள வைக்குத செயற்கை முட்டு, வந்த பெட்டியில கம்பெனி, மாடல், சைஸ், லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், ஆபரேசன் நோட்ல ஒட்டியிருப்பாவ. பிளாஸ்டிக்கு மட்டும் மாத்துனா போதும்னு வந்தா அதே மாடலுக்கு பொருந்துததுதான் வேணும். இல்லேன்னா நல்லா இருக்குத உலோகத்தையும் கழட்ட வேண்டி வரலாம். எங்களுக்கு டிஸ்சார்ஜ் தாள் மட்டும்தான் இருந்துது, ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்சனுக்கு மூணு தடவ நடந்து வாங்குனோம்.

செலவுன்னு பாத்தா, 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு முட்டு இம்பிளான்டுக்கு உச்ச வெல வச்சப்போ மறு ஆபரேசன் செட்டுக்கு 1,13,950 ரூவா, ஜிஎஸ்டி தனி. பெறவு மாறியிருக்கும், அதனால இப்பத்த வெலய கேட்டு, பில்லுல இம்பிளான்ட் காச தனியா எழுத சொல்லுங்க.

மறு ஆபரேசனுக்கு தேதி கெடைக்குத வர வாக்கர், இல்லேன்னா வலிக்குத காலுக்கு மறுபக்கத்து கையில கம்பு. குத்தவச்சு இருக்கது, சம்மணம், பாரம் தூக்குதது எல்லாம் நிறுத்தம்.

அம்மைக்கு எலும்புக்குள்ள எறங்குத கம்பி நீளமா உள்ள தட்டா மாத்தி வச்சாச்சு. புது ஸ்டிக்கர போட்டோ எடுத்து எங்க மூணு பேரு போன்லயும் போட்டாச்சு, அசல் ரேசன் கார்டு கவருக்குள்ள இருக்கு.